சேற்றுக்காரி கிளப்பிய பயம்

"கடல் கொதிச்சு, படகெல்லாம் உள்ள போயிடுமாமே, உண்மையா?"

மாடிப்படியில் என்னை மடக்கி இப்படிக் கேட்டவர் மேல்வீட்டு அம்மா. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு, உலகத்தையே கரைத்துக் குடித்தவன்போல நான் திரிந்த நேரம் அது. பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. "பார்க்கலாம்மா" என்று சொல்லிவிட்டு இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினேன். கடல் கொதிப்பதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? அந்தக் கேள்வி எங்கே புறப்பட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த அம்மாவின் மூத்த மகளே ஒருநாள் உட்கார்ந்து, தன்னைத் தானே வாரிக்கொண்டு, ஒன்று விடாமல் சொன்னாள். இது அவள் கதை. நான் இனி இதில் குறுக்கே வரமாட்டேன்.

எங்கள் கட்டடத்தில் அவளுக்குச் சேற்றுக்காரி என்று பெயர். வைத்தது அவள் தம்பி. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பொருத்தமான பெயரை மறுப்பதற்கு என்ன இருக்கிறது என்பாள். கடலடி ஆய்வு நிலையத்தில் அவளுக்கு வேலை. மாதத்தில் பாதி நாள் கப்பலில், பாதி நாள் கரையில். கேட்பவர்களுக்கு அது ஏதோ பெரிய உத்தியோகமாகத் தெரியும். உண்மையில் நடப்பது இதுதான்: கப்பலின் பின்பக்கத்திலிருந்து ஒரு நீளமான இரும்புக் குழாயைக் கம்பி வடத்தில் கட்டி இறக்குவார்கள். ஆழத்தில் அது தரையில் குத்திக்கொண்டு நிற்கும். மேலே இழுத்தால் குழாய் நிறைய சேறு. அந்தச் சேற்றை நீளவாக்கில் அறுத்து, எது மேல்பக்கம், எது கீழ்ப்பக்கம் என்று சீட்டு ஒட்டிக் குளிர் அறையில் அடுக்க வேண்டும்.

"கேக் வெட்டற வேலைதான். சாப்பிட முடியாது, அவ்வளவுதான்" என்பாள்.

சில சேற்றில் அழுகிய முட்டை நாற்றம் இருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் அது மூன்று நாளைக்கு விரல் இடுக்கை விட்டுப் போகாது. ஆகவே வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவளுக்கு ஜன்னலோர நாற்காலிதான். அவள் அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. எந்த வார்டிலிருந்து எப்படிப்பட்ட கறை வந்தது என்று அம்மா சொல்ல ஆரம்பித்தால் சாப்பாடு இறங்காது, ஆனாலும் எல்லோரும் கேட்பார்கள். தம்பி கற்றது படகு இன்ஜின் மெக்கானிக் வேலை. படித்து முடித்து வேலை கிடைக்காமல் இருந்தான். இருந்தாலும் பக்கத்துவீட்டு மோட்டார் முதல் சினிமாவில் பார்த்த கப்பல்வரை அவனுக்கும் சொல்ல விஷயம் இருந்தது. இவள் வாயைத் திறந்தால் மட்டும், "கையை இன்னொரு தடவ கழுவிட்டு வந்து சொல்லு" என்பார்கள். கழுவிவிட்டு வருவதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும்.

அப்படி இருந்தவளுக்கு ஒருநாள் அதிர்ஷ்டம் அடித்தது. அதிர்ஷ்டம் என்றுதான் அவள் அன்று நினைத்தாள்.

ஒரு கப்பல் பயணத்தில் குழாயை அறுத்தபோது சேற்றுக்குள் வெள்ளையாக ஒரு கட்டி இருந்தது. பார்த்தால் சாதாரணப் பனிக்கட்டி. காதைப் பக்கத்தில் கொண்டுபோனால் எண்ணெயில் தண்ணீர் பட்டது போல 'சிடுசிடு' என்று சத்தம். பெரிய கட்டிகளை அவசர அவசரமாகத் திரவ நைட்ரஜனில் போட்டு மூடினார்கள். மிஞ்சிய ஒரு துண்டை ஆய்வுக் குழுவின் தலைவி ஒரு தட்டில் வைத்து, தீக்குச்சியைக் கிழித்து நீட்டினார். பனி பற்றிக்கொண்டது. மேலே மஞ்சள் சுடர், கீழே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

தலைவி விளக்கம் சொன்னார். மட்கிய பொருளிலிருந்து வரும் மீத்தேன் வாயு, ஆழத்தின் குளிரிலும் அழுத்தத்திலும் தண்ணீருக்குள் சிறைப்பட்டு இப்படிப் பனியாகிவிடுகிறது. ஒரு கைப்பிடிக் கட்டிக்குள் ஒரு மூட்டை அளவு வாயு இருக்கும். உலகக் கடல்களின் ஓரச் சரிவுகளில் இது ஏராளம். கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது மீத்தேன். கடல் சூடானால் இந்தப் பனி உருகலாம்.

அதற்குப் பிறகும் தலைவி நிறையச் சொன்னார். ஆனால் அந்தப் பின்பாதி நேரத்தில் நம் சேற்றுக்காரி ரம்பத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்க் குழாய்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. "உலகம் அழியுதுங்கற வரைக்கும் கேட்டேன். அதுக்கு மேல என்ன இருக்கப்போவுதுன்னு விட்டுட்டேன்" என்று பின்னால் சொன்னாள்.

ஊர் திரும்பிய அன்று மாலை சாப்பாட்டு மேசையில், யாரும் கேட்காமலேயே, "இந்தத் தடவ பனிக்கட்டிய கொளுத்தினோம்" என்றாள்.

தம்பி தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "ஐஸையா?"

"ஐஸைத்தான்."

"மண்ணெண்ணெய் ஊத்தியா?"

"ஒண்ணும் ஊத்தல. குச்சிய கிட்ட கொண்டுபோனதும் பிடிச்சிக்கிச்சு."

அம்மா சாப்பிடுவதை நிறுத்தினார். கையைக் கழுவிவிட்டு வா என்று யாரும் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் அவள் பேச்சுக்கு இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாய் பிளந்தது அதுதான் முதல் தடவை. அந்த ருசி பொல்லாதது. கடலடி முழுக்க இதுதான் கிடக்கிறது என்றாள். கடல் கொஞ்சம் சூடானால் போதும், மொத்தமும் ஒரே மூச்சில் கிளம்பிவிடும் என்றாள். இந்த 'ஒரே மூச்சில்' யாருடைய சொல் என்று அவளுக்கே தெரியாது. அந்த வாக்கியத்துக்கு அது தேவைப்பட்டது.

மறுநாள் ரொட்டிக் கடையில் சொன்னபோது கடல் பால்போல வெளுத்தது. அதற்கடுத்த நாள் மாடிப்படியில் சொன்னபோது, நுரைத்த தண்ணீரில் எதுவும் மிதக்காது, கப்பல்கள் கல்லாக இறங்கும் என்பதும் சேர்ந்துகொண்டது. அது கப்பல் சமையல்காரர் எப்போதோ அளந்தது. நான்கு பேர் கூடி நின்று கேட்கும்போது ஆதாரம் தேட யாருக்குத் தோன்றும்? பல் மருத்துவரிடம் போயிருந்தபோது, வாயில் பஞ்சை வைத்துக்கொண்டும் பாதிக் கதையைச் சொல்லிவிட்டாள். அவள் சொல்வதை அம்மா ஒவ்வொரு தடவையும் கூடவே நின்று கேட்டார். மகள் சொல்கிறாள், அதுவும் கடலில் வேலை செய்கிற மகள் சொல்கிறாள் என்று பெருமை. ஆனால் அவர் கேட்டதையெல்லாம் நம்பிக்கொண்டே வந்தார் என்பது இவளுக்கு உறைக்கவில்லை.

அந்த வாரத்திலேயே தம்பி வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான். "அம்மா, வேலை கெடச்சிருச்சு. ஃபெர்ரில. இன்ஜின் ரூம்ல."

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "கடல்லயா?"

"பின்ன ஃபெர்ரி என்ன, மாடியிலயா ஓடும்?"

அம்மா திரும்பி மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. எல்லாம் தெரிந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்ற நம்பிக்கைதான் இருந்தது. சேற்றுக்காரி இஸ்திரி போட்ட துணியை மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

போகாதே என்று அம்மா சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது போயிருப்பான். அவன் வேலை பழகப் போன முதல் நாள், அம்மா படகுத்துறைக்குப் போய்க் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். படகு வளைகுடாவைத் தாண்டி எதிர்க்கரைக்குப் போகும், திரும்பி வரும். அம்மா அதன் கூடவே கண்ணால் போய் வந்துகொண்டிருந்தார். காலையில் நின்றவர் சாயங்காலம்தான் வீட்டுக்கு வந்தார். இரண்டாம் நாளும் அப்படியே. அந்த இரண்டு நாளும் சலவைக்கூடத்துக்குப் போகவில்லை. இன்னொரு நாள் இப்படி நின்றால் வேறு ஆளை வைத்துக்கொள்வதாக அங்கிருந்து சொல்லியனுப்பினார்கள்.

"நீ போடா. நான் பாட்டுக்கு ஓரமா நிக்கறேன். உனக்கென்ன தொந்தரவு?" என்றார் அம்மா.

தம்பிக்கு அதுதான் தொந்தரவு. தன் வேலைக்காக அம்மாவின் வேலை போவதை எந்தப் பிள்ளை பொறுப்பான்? ஃபெர்ரி கேப்டனிடம் போய் வேலை வேண்டாம் என்றான். அவர் நல்ல மனிதர். "சனிக்கிழமை வரைக்கும் யோசி. ஞாயித்துக்கெழம வேற பையனுக்குச் சொல்லிடுவேன்" என்றார்.

தம்பி நேராக அக்காவிடம் வந்தான். "அக்கா, நீ பத்த வச்ச ஐஸ். நீயே அணை."

அணைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பயமுறுத்த ஒரு சாப்பாட்டு நேரம் போதுமாக இருந்தது. பயத்தைத் திரும்ப வாங்கவோ வழி தெரியவில்லை.

முதலில், எல்லாம் சும்மா விளையாட்டுக்குச் சொன்னது என்றாள்.

"ஐஸ் எரிஞ்சது பொய்யா?" என்றார் அம்மா.

"அது நெசம்தான்."

"அடியில அது கெடக்கறது?"

"அதுவும் நெசம்தான்."

"அப்ப எதுடி விளையாட்டு?"

அடுத்ததாக இன்னொன்றைச் சொன்னாள். ஃபெர்ரி போகிற வளைகுடா ஆழமே இல்லாதது. அந்தப் பனி உண்டாகிற அழுத்தம் அங்கே கிடையாது. அது இருப்பது தூரத்தில், பல நூறு மீட்டர் ஆழத்தில். இது முழு உண்மை. அவளுக்கு முதலிலேயே தெரிந்த உண்மையும்கூட. கதைக்கு இடைஞ்சலாக இருந்ததால் சொல்லாமல் விட்டிருந்தாள்.

"இத ஏன் அன்னைக்கே சொல்லல?"

"தோணலம்மா."

"தம்பிக்கு வேலை கெடச்சதும் தோணிடுச்சா? பாசம் இருக்க வேண்டியதுதான். அதுக்காக எங்கிட்டயே மாத்திப் பேசாத."

பொய்க்குத் தலையாட்டிய அதே அம்மா உண்மைக்குத் தலையை ஆட்ட மறுத்தார். சேற்றுக்காரிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கடைசியில் பெரிய இடத்துச் சொல்லாக இருந்தால் எடுபடும் என்று தலைவியிடம் கெஞ்சி, அம்மாவுக்குப் போன் செய்யச் சொன்னாள். தலைவிக்குப் பொய் சொல்ல வராது. "மொத்தமும் திடீர்னு வெளிய வர்றதுக்கான வாய்ப்பு, எங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும், ரொம்ப ரொம்பக் குறைவும்மா" என்றார். அம்மா நன்றி சொல்லி வைத்துவிட்டு மகளிடம் திரும்பினார். "குறைவுன்னாங்க. இல்லைன்னு சொல்லல. அவங்களுக்குத் தெரிஞ்ச வரைக்குமாம். தெரியாதது எவ்வளவு இருக்குன்னு கேக்க மறந்துட்டேன்."

மறுநாள் நிலையத்தில் தலைவி இவளைக் கூப்பிட்டார். "அம்மாகிட்ட நீ என்னதான் சொன்ன?"

இவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஒரே மூச்சு, பால்போன்ற கடல், பல் மருத்துவர் உட்பட. தலைவி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

"ஒரு விஷயம் யோசிச்சியா?" என்றார். "நீ அந்தப் பனிய எங்க பாத்த?"

"மேல. கப்பல்ல."

"சத்தம் போட்டது எதனால?"

"அழுத்தம் கொறஞ்சதால. குளிர் கொறஞ்சதால." சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. அது இருக்கிற இடத்தில் அவள் அதைப் பார்த்ததே இல்லை. அங்கிருந்து பிடுங்கி, வெயிலுக்குக் கொண்டுவந்து, வயிற்றைக் கிழித்த பிறகுதான் பார்த்திருக்கிறாள். மீனைக் கரையில் மட்டும் பார்த்த ஒருவன், மீன் என்பது சதா துடித்துக்கொண்டிருக்கும் பிராணி என்று ஊரெல்லாம் சொன்னது போலத்தான் இது. சேறு வெட்டுகிறவளைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தப்பு வராது.

"கீழ எப்படி இருக்கும்னு கேமராவுல எடுத்தது இருக்கு. நீ பாத்ததில்லையா?" என்றார் தலைவி.

பார்த்ததில்லை. இத்தனை வருடத்தில் ஒரு தடவை படம் ஓட்டுகிற அறைக்குள் எட்டிப் பார்த்திருக்கலாம். சேற்று பூட்ஸோடு அங்கே போகக்கூடாது, கழற்றி மாட்டச் சோம்பல்.

வெள்ளிக்கிழமை அம்மாவையும் தம்பியையும் நிலையத்துக்கு அழைத்துப்போனாள். அம்மா அங்கே வந்ததே இல்லை. உள்ளே நுழைந்ததும் ஆணியில் தொங்கிய வெள்ளை அங்கிகளில் ஒன்றைத் தடவிப் பார்த்தார். "இத யாரு துவைக்கறா? காலர் பக்கம் சோப்பே படல." தலைவி தன் அங்கியின் காலரை மெல்லக் கையால் மறைத்துக்கொண்டார்.

இருட்டறையில் திரை ஓடியது. கேமரா ஆழத்தில் இறங்கியது. சேறு, அதன் விளிம்பில் துருத்திக்கொண்டு வெள்ளைப் பனி. அது எரியவுமில்லை, சீறவுமில்லை. கட்டிலுக்கடியில் மறந்துபோன பெட்டிபோலப் பேசாமல் கிடந்தது. பக்கத்தில் ஒரு வெடிப்பிலிருந்து ஒவ்வொன்றாகக் குமிழிகள் கிளம்பின. கேமரா ஒரு குமிழிக் கூட்டத்தின் பின்னாலேயே மேலே ஏறியது. நெடுநேரம் திரையில் வேறு எதுவும் இல்லை. தம்பி தூங்கிவிட்டான். சேற்றுக்காரிக்கே கண் சொக்கியது. இதைப் போய் நான்கு பேர் நின்று கேட்கிற கதையாக்கினோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

அம்மா மட்டும் கண்ணை எடுக்கவில்லை. சலவை இயந்திரத்தின் வட்டக் கண்ணாடி வழியே துணி சுற்றுவதை வாழ்நாளெல்லாம் பார்த்தவருக்கு இது ஒன்றும் பெரிதில்லை. குமிழிகள் சிறுத்துக்கொண்டே வந்தன. பிறகு ஒன்றிரண்டு. பிறகு வெறும் தண்ணீர். கடலின் மேல்மட்டம் இன்னும் வெகுதூரத்தில் இருந்தது.

"எங்க போச்சு?" என்றார் அம்மா.

"தண்ணில கரைஞ்சிடுச்சும்மா. அத நுண்ணுயிர் தின்னுடும்."

"தின்னுட்டு?"

"கரியமில வாயுவா மாத்திடும். அதனால தண்ணி கொஞ்சம் புளிக்கும். பிராணவாயுவும் கொறையும்."

"அப்ப பயமே இல்லைங்கறியா?"

இங்கே "ஆமாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். நாளை சனிக்கிழமை. தம்பியோ பெஞ்சில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். சேற்றுக்காரி ஒரு கணம் தலைவியைப் பார்த்தாள். தலைவி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கும்மா. ஆனா நான் சொன்ன பயம் இல்ல. படகு முழுகற பயம் இல்ல. காத்துல சேர்ற சூடு, மேல இருந்து மெதுவா ஆழத்துக்கு எறங்குது. இந்தப் பனி இருக்கற சரிவோட மேல்விளிம்புலதான் முதல்ல உருகும். அது நூறு வருஷம், பல நூறு வருஷம் ஆகற கதை. சில எடத்துல சரிவே சரிஞ்சு விழலாம். வடக்க, குளிர்ப் பிரதேசத்துல ஆழம் கம்மியான கடல் இருக்கு, அங்க எவ்வளவு வாயு வெளிய வரும்னு இன்னும் சரியா யாருக்கும் தெரியாது. ஒரே நாள்ல வராது. ஆனா உருக ஆரம்பிச்சா திரும்ப அடைக்க முடியாது."

அம்மா திரையில் இருந்த வெறும் தண்ணீரை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு கேட்டார். "இத அன்னைக்கே இப்படிச் சொல்லியிருந்தா என்னடி?"

"நீங்க கேட்டிருக்க மாட்டீங்கம்மா. கையக் கழுவிட்டு வான்னு சொல்லியிருப்பீங்க."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சொல்லியிருப்பேன்தான்." எழுந்து போய்த் தம்பியின் தோளைத் தட்டினார். "எந்திரிடா. படகு முழுகாதாம். நாளைக்குப் போய்ச் சொல்லிட்டு வா."

"எப்படிம்மா திடீர்னு நம்பிட்டீங்க?" என்று சேற்றுக்காரியால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பயம் இல்லைன்னு சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். தம்பிக்காகச் சொல்றேன்னு நெனச்சிருப்பேன். எனக்குப் பிடிக்காததையும் சேத்துச் சொன்னியே."

திரும்பி வரும் வழியில் பேருந்தில் அம்மா வேறொன்றைப் பிடித்துக்கொண்டார். காற்றில் சேர்கிற சூடு என்றால், அது எங்கிருந்து வருகிறது? பல இடத்திலிருந்து என்றாள் இவள். வண்டி, ஆலை, மின்சாரம், ஆடு மாடு, குப்பைமேடு, கசிகிற எரிவாயுக் குழாய். "ஃபெர்ரி?" ஃபெர்ரியும்தான். அவ்வளவுதான், தம்பியின் கதி தெரிந்துவிட்டது. அவன் வேலைக்குச் சேர்ந்த அன்று அம்மா வேலைக்குப் போகிற வழியில் படகுத்துறையில் இறங்கி, படகில் ஏறி, ஒரு வெள்ளைத் துணியைப் புகைபோக்கி வாயில் ஒரு சுற்றுத் துடைத்து, கேப்டன் முகத்துக்கு நேரே பிடித்தார். துணி கறுப்பு.

"எங்க சலவைக்கூடத்துக்கு இப்படி ஒரு துணி வந்தா தூக்கிப் போட்டுடுவோம்" என்றார்.

கேப்டன் தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான். அந்த மாதமே அவன் இன்ஜினைப் பிரித்து, டீசல் தெளிக்கிற ஊசிகளையெல்லாம் மாற்றினான். கரும்புகை குறைந்தது, டீசலும் கொஞ்சம் மிச்சமானது. அதனால் உலகம் தப்பித்துவிடாது என்று அவன் அக்காதான் முதலில் சொன்னாள். பழக்கதோஷத்தில் அதையும் பெரிதாக்கிவிடுவோமோ என்ற பயம் அவளுக்கு.

சேற்றுக்காரி இப்போதும் ஜன்னலோர நாற்காலியில்தான் உட்காருகிறாள். மாடிப்படியில் நின்று சரியான கதையைச் சொல்லிப் பார்த்தாள். குமிழி கரைகிற இடம் வருவதற்குள் கேட்பவர்களுக்கு அடுப்பில் வைத்தது ஞாபகம் வந்துவிடுகிறது. ரொட்டிக் கடைக்காரர் இன்றும் வாடிக்கையாளர்களுக்குப் பால்போல வெளுத்த கடலைத்தான் விற்றுக்கொண்டிருக்கிறார். அதை அவள் இரண்டு தடவை திருத்தினாள். "உங்களுக்கு விஷயம் தெரியல, இத சொன்னது கடல்ல வேல செய்யற ஒரு பொண்ணு" என்று அவளிடமே சொன்னார்.

அதனால் ஒரு வேண்டுகோள். பயமுறுத்துகிற கதை யார் உதவியும் இல்லாமல் தானாக நடந்து தெருத்தெருவாகப் போய்விடுகிறது. மெதுவாக வருகிற ஆபத்தின் கதைக்குக் கால் இல்லை, யாராவது தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். இதைப் படித்தவர்கள் இன்னும் ஒருவரிடமாவது சொல்லுங்கள். கடல் நாளைக்கே கொதிக்கும் என்பவரிடமும் சொல்லுங்கள், ஒன்றுமே ஆகாது என்று கையை விரிப்பவரிடமும் சொல்லுங்கள். சொல்லும்போது எதையும் கூட்டாதீர்கள். குறைக்கவும் வேண்டாம்.